முன்கூட்டியே தரப்படும் உறுதி: அமெரிக்க முன்னணிக் கல்லூரிகளும் ஏழை மாணவர்களும்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள பல ஆயிரம் கல்லூரிகளில் பெரும்பாலானவை விண்ணப்பித்தவர்களுள் பெரும்பகுதியினரைச் சேர்த்துக்கொள்பவை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு போன்ற சில நிறுவனங்கள் மட்டுமே, நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேரைக்கூட எடுத்துக்கொள்ளாத அளவுக்குக் கடுமையாகத் தேர்ந்தெடுக்கின்றன. நாட்டின் மாணவர்களில் மிகச் சிறிய பங்கினரே இவற்றில் படிக்கிறார்கள் என்றாலும், உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் செனட் உறுப்பினர்களும் பெருநிறுவனத் தலைவர்களும் தம் எண்ணிக்கைக்கு மீறிய அளவில் இங்கிருந்தே வருவதால், இங்கே இடம் பெறுபவர் யார் என்பது கல்வித் துறையைத் தாண்டிய அரசியல் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. தமிழகத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் வருமான வரிப் பதிவுகளைக் கல்லூரிச் சேர்க்கைப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கேள்விக்குக் கூச்சமின்றி விடை சொன்னது: யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட 38 கல்லூரிகளில், வருமானத்தின் உச்சியிலுள்ள 1 விழுக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள், அடித்தட்டிலிருந்து எண்ணிவரும் 60 விழுக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளைவிட அதிகமாக இருந்தனர்.

மக்கள்தொகையில் தமக்குள்ள பங்குக்குக் குறைவாகவே இக்கல்லூரிகளில் காணப்படுவோரை அமெரிக்கக் கல்வியாளர்கள் ‘குறைவாக இடம்பெற்றோர்’ என்ற பொதுப்பெயரால் குறிக்கிறார்கள். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், அந்நிலத்தின் தொல்குடியினர் ஆகியோரோடு, இனம் எதுவாயினும் வருமானம் குறைந்த குடும்பத்தினர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்வோர், பெருநகரங்களுக்கு எட்டாத ஊர்களில் வளர்வோர் ஆகியோரும் இதில் அடங்குவர். ஒரே மாணவர் இவற்றில் இரண்டு மூன்று வகைகளில் சேர்ந்திருப்பதும் இயல்பு.

இம்மாணவர்கள் இக்கல்லூரிகளுக்கு வராததற்குக் காரணம் பணமின்மை என்று எண்ணுவது எளிது, பாதி உண்மையும்கூட. ஆனால் மறுபாதி அதைவிடச் சிக்கலானது. முன்னணித் தனியார் கல்லூரிகள் அறிவிக்கும் ஆண்டுச் செலவு, கட்டணத்தோடு விடுதியும் உணவும் சேர்த்து, இன்று 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. எனினும் அது அறிவிப்பு விலை மட்டுமே. குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் கணக்கிட்டு, அக்குடும்பத்தால் எவ்வளவு தர இயலும் என்று முடிவுசெய்து, எஞ்சியதைக் கல்லூரியே உதவித்தொகையாகக் கழித்துக்கொண்ட பின் நிற்பதுதான் நிகர விலை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2001-இல் தன் உதவியிலிருந்து கடனை முற்றிலும் நீக்கி, திருப்பித் தர வேண்டாத நிதியாகவே கொடுக்கத் தொடங்கியது. ஹார்வர்டு 2004-இல், ஆண்டு வருமானம் 40,000 டாலருக்குக் குறைந்த குடும்பங்கள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை என்று அறிவித்து, அந்த வரம்பைப் படிப்படியாக உயர்த்தி 2025-இல் 1,00,000 டாலருக்குக் கொண்டுவந்தது. ஆகவே, மிகுந்த செல்வமுள்ள இச்சில கல்லூரிகளைப் பொறுத்தவரை, ஏழை மாணவர் ஒருவருக்கு வீட்டுக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரியைவிட ஹார்வர்டில் படிப்பது செலவு குறைந்ததாகவும் இருக்கக்கூடும். விண்ணப்பதாரரால் பணம் கட்ட முடியுமா என்று பாராமலே சேர்க்கை முடிவைச் செய்வதும், சேர்த்துக்கொண்ட பின் தேவை முழுவதையும் நிறைவுசெய்வதும் வெவ்வேறு கொள்கைகள் என்பதும், இரண்டையும் ஒருங்கே கடைப்பிடிக்க வல்ல கல்லூரிகள் சிலவே உள்ளன என்பதும் இங்கே கவனிக்கத்தக்கன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் முதல் கொள்கையை நிலையாக ஏற்பதற்கு, அதன் முன்னாள் மாணவரான மைக்கேல் புளூம்பெர்க் 2018-இல் 180 கோடி டாலர் கொடையளிக்க வேண்டியிருந்தது.

பணம் இருக்கிறது; திறமையுள்ள மாணவரும் இருக்கிறார்; ஆயினும் இரண்டும் சந்திப்பதில்லை என்பதைக் கணக்கோடு காட்டியவர்கள் கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டோபர் ஏவரி என்ற இரு பொருளியலாளர்கள். கல்லூரி நுழைவுக்கான பொதுத் தேர்வுகளில் நாட்டின் முதல் 10 விழுக்காட்டில் மதிப்பெண் பெற்று, பள்ளியிலும் உயர்தரத் தேர்ச்சி காட்டிய, ஆனால் வருமானத்தில் கீழ்க்கால் பகுதியைச் சேர்ந்த மாணவர்கள் ஆண்டுதோறும் 25,000 முதல் 35,000 பேர் வரை இருப்பதாக மதிப்பிட்ட அவர்கள், இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் மதிப்பெண்ணுக்கு ஏற்ற எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிப்பதே இல்லை என்றும், வசதியான வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் முறையில் விண்ணப்பித்தவர்கள் 8 விழுக்காட்டினர்தாம் என்றும் கண்டனர். விண்ணப்பித்தவர்கள் சேர்க்கப்பட்டதிலோ, சேர்ந்தவர்கள் படித்து முடித்ததிலோ வசதியானவர்களுக்கு இவர்கள் குறைந்தவர்கள் அல்லர். இடம் மறுக்கப்பட்டது என்று சொல்ல இயலாதபடி, இடம் கேட்கப்படவே இல்லை.

கேட்காததற்குக் காரணங்கள் பல. நியூயார்க், பாஸ்டன் போன்ற பெருநகரங்களில் சிறந்த மாணவரைத் தேர்ந்தெடுக்கும் அரசுப் பள்ளிகள் உள்ளன; அங்கே ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் யேலுக்குப் போயிருப்பார், கல்லூரி அலுவலர்கள் நேரிலும் வந்து போவார்கள். ஹாக்ஸ்பியும் ஏவரியும் கண்ட விண்ணப்பிக்காத மாணவர்களோ, ஒரு பள்ளிக்கு ஒருவர் என்று சிறு நகரங்களிலும் சிற்றூர்களிலும் சிதறிக் கிடந்தனர். தமக்கு முன்னே சென்ற அண்ணனோ அக்காவோ அவர்களுக்கு இல்லை. வழிகாட்ட வேண்டிய பள்ளி ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அத்தொழிலோரின் சங்கமே பரிந்துரைத்தாலும், நாட்டின் சராசரி அண்மை ஆண்டுகளில் 380-ஐ ஒட்டியே நிற்கிறது. அந்த ஆலோசகரும் பெரும்பாலும் அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் படித்தவராகவே இருப்பதால், தமக்குத் தெரிந்த ஊரின் பாதையைத்தான் அவரால் காட்ட முடிகிறது.

தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்க முறையின் குழப்பம் உடனே விளங்காது. இங்கே மதிப்பெண் வந்ததும் தரவரிசை வந்துவிடும். எந்தத் தரவரிசைக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, முதல் பட்டதாரிக்கு எவ்வளவு கழிவு என்பனவற்றை இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அறிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் மதிப்பெண்ணோடு கட்டுரைகளும் பரிந்துரைக் கடிதங்களும் பள்ளிக்கு வெளியிலான ஈடுபாடுகளும் சேர்த்து எடைபோடப்படுவதால் சேர்க்கையைக் கணிக்க முடியாது. அதைவிட முக்கியமாக, விலையையும் உறுதியாகக் கணிக்க முடியாது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஜனவரி தொடக்கத்தில் விண்ணப்பித்துவிட்டு, மார்ச் இறுதியில் சேர்க்கை முடிவும் அதையொட்டி உதவித்தொகைக் கடிதமும் வரும்வரை காத்திருந்து, அதன் பின்னரே தாம் செலுத்த வேண்டிய தொகையை முதன்முறையாக அறியும் குடும்பம், மே 1-க்குள் பதில் சொல்லியாக வேண்டும். கையில் சேமிப்புள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்பு ஒரு சங்கடம். இல்லாதவர்களுக்கோ இது தொடங்காமலே விட்டுவிடுவதற்குப் போதுமான காரணம்.

நோய் அறியாமை என்றால் மருந்து தகவல்தான் என்று முதலில் கருதப்பட்டது. ஹாக்ஸ்பியும் சாரா டர்னரும் மாணவர் ஒருவருக்கு 6 டாலர் அளவே செலவாகும் ஒரு தகவல் உறையைத் தயாரித்து, ஒவ்வொரு கல்லூரியின் நிகர விலையையும் விளக்கி, விண்ணப்பக் கட்டண விலக்குச் சீட்டுகளையும் இணைத்து அனுப்பிப் பார்த்ததில், பெற்றவர்கள் கூடுதலான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார்கள். தம் தகுதிக்கு ஏற்ற கல்லூரிகளில் இடமும் பெற்றார்கள். இவ்வளவு மலிவான தீர்வா என்று கல்வி உலகம் வியந்தது. ஆனால் நுழைவுத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு, அதே வழியைப் பின்பற்றி 7,85,000 மாணவர்களுக்குத் தகவல்களை அனுப்பி அளந்தபோது, அவர்கள் சேர்ந்த கல்லூரிகளில் ஒரு மாற்றமும் தென்படவில்லை. சிறிய அளவில் பலித்தது பெரிய அளவில் பலிக்காமற்போனதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டாலும், தெரிவிப்பது வேறு, நம்பவைப்பது வேறு என்ற விளக்கமே மற்றச் சான்றுகளோடும் பொருந்துகிறது.

அச்சான்றுகளில் ஒன்று படிவங்களைப் பற்றியது. அமெரிக்காவில் அரசின் எந்தக் கல்வி உதவியைப் பெறுவதற்கும் ‘ஃபாஃப்சா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். ஏழை மாணவர்களுக்கான பெல் நிதியும் அதன் வழியாகத்தான் கிடைக்கிறது. நெடுங்காலம் நூறுக்கு மேற்பட்ட கேள்விகளைக் கொண்டிருந்த அப்படிவம் பெற்றோரின் முந்தைய ஆண்டுகளின் வரிக்கணக்கு விவரங்களைக் கேட்கும். வரிக்கணக்கே தாக்கல் செய்யாத தாய்க்கும், பிரிந்து சென்றுவிட்ட தந்தைக்கும், முறையான குடியுரிமைத் தாள்கள் இல்லாத பெற்றோருக்கும் அதில் ஒவ்வொரு வரியும் ஒரு தடை. முன்னணித் தனியார் கல்லூரிகள் பல, இதற்கு மேல் காலேஜ் போர்டின் விரிவான சொத்து விவரப் படிவம் ஒன்றையும் கேட்கின்றன. விவாகரத்தான குடும்பமாயின், உடன் வாழாத பெற்றோரின் கணக்கையும் அவற்றில் பல கல்லூரிகள் கேட்கும். எச் அண்டு ஆர் பிளாக் என்ற வரிக்கணக்கு நிறுவனத்தின் கிளைகளில், ஒஹையோவிலும் வட கரோலினாவிலும் எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் டெரி லாங் முதலிய ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், வரிக்கணக்குக்காக வந்த குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, ஏற்கெனவே கணினியில் இருந்த விவரங்களைக் கொண்டே பத்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஃபாஃப்சா நிரப்பித் தரப்பட்டது; இன்னொரு பகுதியினருக்கு, எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற மதிப்பீடு மட்டும் கொடுக்கப்பட்டு, படிவத்தை அவர்களே நிரப்பிக்கொள்ளுமாறு விடப்பட்டது. முதல் பகுதியினரின் பிள்ளைகளில், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தோரின் பங்கு 28 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடாக உயர்ந்தது. மதிப்பீட்டை மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய மாற்றம் இல்லை. அமெரிக்க அரசு 2020-இல் சட்டம் இயற்றி அப்படிவத்தைச் சுருக்கியது. சுருக்கிய படிவம் 2023 டிசம்பர் இறுதியில்தான் வெளிவந்து, பிழைகளாலும் தாமதத்தாலும் அடுத்த கல்வியாண்டின் மாணவர்களைத் திண்டாடவைத்தது என்பது, எளிமையாக்குவதுகூட எளிதல்ல என்பதற்கு ஒரு கசப்பான சான்று.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் சூசன் டைனார்ஸ்கி தலைமையில் 2015-இல் தொடங்கிய ‘ஹெயில்’ என்ற திட்டம், இந்த விவாதத்தின் திருப்புமுனை என்று கூறத்தக்கது. ஆன் ஆர்பர் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகம் அம்மாநிலத்தின் முதன்மையான அரசுப் பல்கலைக்கழகம். ஆனால் அதன் மாணவரோ பெரும்பாலும் வசதியானவர்கள். மிச்சிகனில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் எல்லாரும் பள்ளியிலேயே நுழைவுத் தேர்வை எழுதுவதால், யார் நல்ல மதிப்பெண் பெற்றவர், அவர்களில் யார் இலவச மதிய உணவோ சலுகை விலை உணவோ பெறுபவர் என்பது மாநிலப் பதிவுகளிலேயே இருந்தது. அப்பதிவுகளைக் கொண்டு ஏறத்தாழ 4,000 மாணவர்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு, அவர்கள் படித்த பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதிப் பள்ளிகளின் மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே, பல்கலைக்கழகத்தின் மஞ்சளும் நீலமுமான நிறங்களில் அச்சிட்ட பெரிய உறை ஒன்று வீட்டுக்கு வந்தது. மாணவரின் பெயரிட்ட கடிதமும் விண்ணப்பக் கட்டண விலக்குச் சீட்டும் அதில் இருந்தன. விண்ணப்பித்து இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக் கட்டணமும் இலவசம், அதற்காக எந்த நிதிப் படிவத்தையும் நிரப்ப வேண்டியதில்லை என்று கடிதம் உறுதி கூறியது. பெற்றோருக்குத் தனி அஞ்சலும், பள்ளித் தலைமையாசிரியருக்கு மின்னஞ்சலும் சென்றன.

இதில் சேர்க்கைக்கான தகுதி தளர்த்தப்படவில்லை; புதிதாகப் பெரும் பணமும் ஒதுக்கப்படவில்லை. அம்மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் வழக்கமான முறையில் படிவங்களை நிரப்பியிருந்தாலும் அதே இலவசக் கட்டணத்தைப் பெற்றிருப்பார்கள். மாறியது ஒன்றுதான்: இறுதியில், ஒருவேளை கிடைக்கக்கூடியது என்றிருந்த உதவி, தொடக்கத்திலேயே ஐயத்துக்கிடமின்றிக் கிடைப்பது என்றாகியது. விளைவு ஆய்வாளர்களே எதிர்பாராத அளவில் இருந்தது. உறை பெறாதவர்களில் 26 விழுக்காட்டினர் விண்ணப்பித்திருக்க, பெற்றவர்களில் 68 விழுக்காட்டினர் விண்ணப்பித்தார்கள். முன்னவர்களில் 12 விழுக்காட்டினர் அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்க, பின்னவர்களில் 27 விழுக்காட்டினர் சேர்ந்தார்கள். கூடுதலாகச் சேர்ந்தவர்களில் நான்கில் ஒருவர், இந்த உறை இல்லாவிடில் எந்தக் கல்லூரிக்குமே சென்றிருக்க மாட்டார் என்பது ஆய்வின் கணிப்பு.

உறையின் நிறமும் மரியாதையான கடிதமும் அழைக்கப்பட்ட பெருமையும்தான் வேலை செய்தனவோ என்ற ஐயம் எழுவது நியாயம். அதைத் தீர்க்க அடுத்த தொகுதி மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு அதே போன்ற உறை அனுப்பப்பட்டது. ஆனால் கடிதத்தின் வாக்குறுதியில் ஒரு நிபந்தனை சேர்ந்திருந்தது. குடும்பம் படிவங்களை நிரப்பி வருமானத்தை நிரூபித்தால் கட்டணம் இலவசம் என்பதே அது. விண்ணப்பிப்போர் ஓரளவே கூடினர். சேர்ந்தவர்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தகுதியுள்ளவர்களே தகுதியை நிரூபிக்கச் சொன்னதும் பின்வாங்கினார்கள் என்பது, நிபந்தனைகளை எழுதிப் பழகிய அலுவலகங்கள் அனைத்தும் படிக்க வேண்டிய முடிவு. ஏமாற்றுவோரைத் தடுக்க வைக்கும் வேலி, ஏமாற்றத் தெரியாதவர்களைத்தான் முதலில் தடுக்கிறது.

கல்லூரிகள் தாமே முன்வராத இடத்தில் இந்த உறுதியைத் திரட்டித் தருவது இடைநிலை அமைப்புகளின் பணி. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட குவெஸ்ட்பிரிட்ஜ் அவற்றுள் பெரியது; ஸ்டான்ஃபோர்டில் ஏழை மாணவர்களுக்கென நடந்த கோடைக்காலப் பயிற்சியிலிருந்து வளர்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட முன்னணிக் கல்லூரிகளோடு உடன்படிக்கை செய்துள்ள இவ்வமைப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் செப்டம்பர் இறுதிக்குள் ஒரே விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் ஆண்டு வருமானம் பொதுவாக 65,000 டாலருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் 15 கல்லூரிகள் வரை விருப்ப வரிசையில் எழுதித் தருவார்கள். அவ்வரிசையில் மேலிருந்து பார்த்து, அம்மாணவரை ஏற்க இசையும் முதல் கல்லூரியோடு அவர் இணைக்கப்படுவார். டிசம்பர் 1 அன்று முடிவு வரும்போது, கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், பயணம் ஆகிய நான்கு ஆண்டுச் செலவுகளும் முழுமையாக ஏற்கப்பட்டுவிட்டன என்ற அறிவிப்பும் கூடவே வரும். பெரும்பாலான கல்லூரிகளைப் பொறுத்தவரை இந்த இணைப்பு மாணவரைக் கட்டுப்படுத்துவது. பேரம் பேசி ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் உறுதியைப் பெற வேண்டியிருக்கிறது. வசதியில்லாதவருக்கு அந்தப் பரிமாற்றம் பெரும்பாலும் லாபமே. ஆனால் 2024-இல் விண்ணப்பித்த 25,000-க்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 2,600 பேரே இவ்வாறு இணைக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நியூயார்க்கில் டெபோரா பயல் 1989-இல் தொடங்கிய பாஸி அறக்கட்டளையின் அக்கறை வேறு. நகரப் பள்ளிகளிலிருந்து நல்ல கல்லூரிக்குப் போன மாணவர்கள் ஆறே மாதத்தில் தனிமை தாங்காமல் திரும்பி வருவதைக் கண்ட அவர், ஒருவரை அனுப்பாமல் ஒரே ஊரிலிருந்து பத்துப் பேர் கொண்ட குழுவாக ஒரே கல்லூரிக்கு அனுப்பும் முறையை வகுத்தார். டென்னசி மாநிலத்தின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் முதலில் இசைந்தது. தேர்வு மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல், மாணவர்களைக் குழுவாகச் சேர்த்து வேலை கொடுத்துக் கவனித்து அமைப்பு தேர்ந்தெடுக்கிறது. கல்லூரி முழுக் கட்டணத்தையும் விட்டுக்கொடுக்கிறது. புறப்படும் முன் பல மாதங்கள் வாரந்தோறும் கூடிப் பயிற்சி நடக்கிறது. பராக் ஒபாமா தம் நோபல் அமைதிப் பரிசுத் தொகையைப் பகிர்ந்தளித்தபோது 1,25,000 டாலர் இவ்வமைப்புக்குச் சென்றது.

இடமும் உதவித்தொகையும் கிடைத்த பின்பும் இழப்புகள் நேர்கின்றன. பள்ளி முடிந்து கல்லூரி தொடங்கும் முன் உள்ள கோடை மாதங்களில், சேர்வதாக உறுதி சொல்லியிருந்த மாணவர்களில் 10 முதல் 40 விழுக்காட்டினர் வரை வராமலே போகிறார்கள் என்று பெஞ்சமின் காசில்மன், லிண்ட்சே பேஜ் ஆகியோரின் ஆய்வுகள் பல பள்ளி மாவட்டங்களைக் கொண்டு காட்டின. விடுதி முன்பணம், மருத்துவக் காப்பீட்டு விலக்குப் படிவம், தடுப்பூசிச் சான்று போன்ற சில்லறை வேலைகளே பெரும்பாலும் அவர்களைத் தடுக்கி விழச் செய்கின்றன. ஊர்ச் சங்கமோ தேவாலயமோ தரும் சிறு பரிசுத்தொகையை மாணவர் அறிவித்ததும், கல்லூரி தன் உதவியிலிருந்து அதே அளவைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு; மேரிலாந்து மாநிலம் 2017-இல் தன் அரசுக் கல்லூரிகளில் இதற்குச் சட்டத்தால் வரம்பு விதித்தது. உள்ளே சென்றபின் நேர்வதைச் சமூகவியலாளர் ஆன்டனி ஜாக் 2019-இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். வசந்தகால விடுமுறையில் எல்லாரும் ஊருக்கோ கடற்கரைக்கோ போய்விடுவார்கள் என்ற எண்ணத்தில் உணவுக்கூடங்கள் மூடப்படும்போது, விமானச் சீட்டு வாங்க இயலாமல் விடுதியிலேயே தங்கிய முழு உதவித்தொகை மாணவர்கள் பசியோடிருந்தார்கள் என்பது அதில் வரும் செய்தி. அவரது ஆய்வுக்குப் பின் சில கல்லூரிகள் விடுமுறையிலும் உணவுக்கூடத்தைத் திறந்து வைக்கத் தொடங்கின.

இனத்தைப் பொறுத்தவரை சேர்க்கை விதியே மாறியது. 2023 ஜூன் 29 அன்று, ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களுக்கு எதிரான வழக்குகளில், சேர்க்கையின்போது விண்ணப்பதாரரின் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், முந்தைய ஆண்டுகளில் சராசரியாக 13 விழுக்காடாக இருந்த கறுப்பின மாணவர் பங்கு, தீர்ப்புக்குப் பின் சேர்ந்த முதல் தொகுதியில் 5 விழுக்காடாகச் சரிந்தது; வேறு சில கல்லூரிகளில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குத் தரும் முன்னுரிமையை அத்தீர்ப்பு தொடவில்லை. செட்டியின் குழு அதே 2023-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, ஒரே நுழைவுத் தேர்வு மதிப்பெண் பெற்றவர்களிலும், உச்ச 1 விழுக்காட்டுக் குடும்பத்தின் பிள்ளை நடுத்தரக் குடும்பத்தின் பிள்ளையைவிட இரு மடங்குக்கு மேலான அளவில் மிக உயர்ந்த பன்னிரண்டு கல்லூரிகளில் சேர்வதைக் காட்டி, அதற்கு அம்முன்னுரிமையையும் ஒரு காரணமாகச் சுட்டியது. ஒரு வகைச் சலுகை அரசியலமைப்புக்கு முரண் என்று நீக்கப்பட, இன்னொன்று வழக்கம் என்ற பெயரில் நீடிப்பது நேர்மையான கணக்காகத் தோன்றவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸும் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியும் தாமாகவே அதைக் கைவிட்டன.

இவ்வளவு பாடுபட்டு ஒருவரை முன்னணிக் கல்லூரியில் சேர்ப்பதால் அவருக்கு உண்மையில் பயன் உண்டா என்ற கேள்வியையும் பொருளியலாளர்கள் விட்டுவைக்கவில்லை. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும், ஒரே வகைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே வகை முடிவுகளைப் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டு, பெரும்பாலோருக்கு எந்தக் கல்லூரியில் படித்தாலும் பிற்கால வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டனர். வசதியான வீட்டுப் பிள்ளை எங்கே படித்தாலும் தந்தையின் நண்பர்கள் இருப்பார்கள். ஆனால் அவர்களுடைய ஆய்வுகளிலேயே கறுப்பின, லத்தீன் அமெரிக்க வழி மாணவர்களும், பெற்றோர் அதிகம் படிக்காத குடும்பத்து மாணவர்களும் இதற்கு விதிவிலக்காக நின்றனர். கல்லூரியின் தரம் அவர்களுடைய வருமானத்தை உயர்த்தியது. இருக்கும் இடங்கள் குறைவு என்றால், அவை யாருக்குப் பயன்படுமோ அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருளாதாரக் காரணம் கிடைப்பது அரிது.

டெக்சஸ் மாநிலத்தின் அனுபவம் இங்கே பொருத்தமானது. 1996-இல் ஹாப்வுட் வழக்கின் தீர்ப்பு அங்கே இன அடிப்படையிலான சேர்க்கையைத் தடைசெய்ததும், அடுத்த ஆண்டே சட்டமன்றம், மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் முதல் 10 விழுக்காட்டில் தேறியவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று சட்டமியற்றியது. சேர்க்கையைப் பற்றிய ஐயம் இவ்வாறு நீங்கினாலும், அதுவரை எவரையும் அனுப்பாத பள்ளிகளிலிருந்து உடனே மாணவர்கள் வந்துவிடவில்லை. எனவே ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், ஏழை மாணவர் நிறைந்த பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அப்பள்ளிகளுக்கென்றே உதவித்தொகைகளை ஒதுக்கி, தன் ஆட்களை அங்கே அனுப்பியது. வந்த மாணவர்களுக்கு விடுதி இடம், சிறிய வகுப்புகள், இலவசத் தனிப்பயிற்சி, மூத்த மாணவரின் துணை ஆகியவற்றையும் ஏற்பாடு செய்தது. அதே காலத்தில் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் அத்தகைய உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே உடனிருந்த ஆதரவு ஏற்பாடுகள் ஆஸ்டினின் அளவுக்கு விரிவானவை அல்ல. இரண்டையும் பிற்காலத்தில் ஒப்பிட்ட ரோட்னி ஆண்ட்ரூஸ், ஸ்காட் இம்பர்மன், மைக்கேல் லவன்ஹைம் ஆகியோர், ஆஸ்டின் திட்டத்தின் பள்ளிகளிலிருந்து அங்கே சேர்ந்து பட்டம் பெற்றோரின் எண்ணிக்கையும், அவர்கள் பின்னாளில் ஈட்டிய வருமானமும் தெளிவாகக் கூடியிருந்ததைக் கண்டனர். ஏ அண்டு எம் திட்டத்தில் அத்தகைய பயனுக்கு உறுதியான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை.